முன்பற்களுக்கு நடுவே ஒரு சந்து

“படிப்பு வாசனையே இல்லாத வீட்டுப் பொண்ணு, பல் கிளினிக்ல என்னத்தக் கிழிக்கப் போறா?” என்று சித்தப்பா ஒருமுறை என்னைப் பார்த்துக் கேட்டார். நேற்று மாலை அந்தக் கிளினிக்கில் அன்றைய உதவியாளர் வேலையை முடித்து, லிட்டில் இந்தியாவில் ரயில் ஏறினேன். எதிரே ஓர் அப்பாவும், பள்ளிச் சீருடையில் மகளும்.

“அப்பா, நேத்து ஏன் என் வாய்க்குச் சாவி போடல?”

“முன்பல்லு ரெண்டும் விலகிப் போச்சு பாப்பா. நான்தான் சாவியத் திருப்பித் திருப்பிக் கெடுத்துட்டேன். டாக்டர்கிட்ட அந்தப் பிளேட்டக் கழட்டிடச் சொல்லிடலாம்.”

“ஐயோ, கெடலப்பா! நீங்க சாவியத் திருப்புறப்ப, மேல அண்ணத்துல ஒட்டியிருக்கிற பிளேட் மேல்தாடைய ரெண்டு பக்கமும் தள்ளுது. தாடை விரிஞ்சாத்தான் பல்லு விலகும். டாக்டர் சொன்னப்ப நீங்க போன் பாத்துட்டு இருந்தீங்க லா.”

“அப்ப இந்தச் சந்து?”

“அப்புறம் மூடிடும். இப்ப நிப்பாட்டினா எல்லாம் வேஸ்ட். இந்தச் சந்துல காரே நிறுத்தலாம்னு கிளாஸ்ல என்னை ‘கார் பார்க்’னு கூப்பிடுறாங்க. எனக்கே பயமில்ல, உங்களுக்கு என்ன?”

அவர் சிரித்துவிட்டார். “சரி தாயே, வீட்டுக்குப் போனதும் திருப்புறேன்.”

கிளினிக்கில் இதையே பெற்றோருக்கு விளக்க நான் எத்தனையோ முறை திணறியிருக்கிறேன். அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. எனக்கே பெருமையாக இருந்தது. பல் சிகிச்சையாளர் படிப்பில் நேற்றுக் காலைதான் சேர்ந்திருந்தேன். மாணவர் அட்டை என் பையில் இருந்தது.