விளக்குப் பந்து

குளிரில் கோல்ஃப் பந்து அதிக தூரம் போகாது. உள்ளே இருக்கும் ரப்பர் இறுகிவிடும், காற்றும் கனத்துவிடும். நீங்கள் இந்த ஆட்டம் ஆடியதில்லை என்று நினைக்கிறேன், அதனால் சொல்கிறேன். போன தடவை நீங்கள் கேட்டபோது நான் சுருக்கமாகத்தான் பதில் சொன்னேன். இன்று முழுதாகச் சொல்கிறேன்.

என் பெயர் பஞ்சநதம் என்பதும், திருக்காட்டுப்பள்ளிக்கு மேற்கே காவிரிக் கரையை ஒட்டிய ஊர் என்பதும் ஏற்கனவே எழுதியிருக்கிறீர்கள். கனடாவில் நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டு, ஓய்வு பெற்றதும் மனைவி பிரகதீஸ்வரியோடு திரும்பி வந்தேன். அங்கே கற்றுக்கொண்ட நல்ல பழக்கம் இந்த ஆட்டம் ஒன்றுதான். விடத் தோன்றவில்லை. ஆற்றோரத்து நிலத்தில் நெல் போடுவதை நிறுத்திவிட்டுப் புல் வளர்த்தேன். ஐந்து குழிகள் வெட்டினேன். ஊரில் சிரித்தார்கள். நெல் விளைகிற மண்ணில் புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறான் என்றார்கள். என் நிலம். என் அப்பா நிலம். அதில் எதை வளர்க்கலாம் என்று நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

துணைக்கு ஆள் இல்லாமல் இருந்தது. தனியாக ஆடுவது சீட்டுக்கட்டைத் தனியாகக் கலைத்துப் போடுவதைப் போல. அப்போதுதான் சேரன் வந்து சேர்ந்தான்.

சேரனும் நானும் பள்ளியில் ஒரே வகுப்பு. அவன் அப்பா இளையபெருமாள் எங்கள் வயலில் வேலை செய்தவர். சேரன் படித்து, ரயில்வே சிக்னல் இன்ஜினீயராகி, ஸ்காட்லாந்து போனான். அவனும் ஓய்வு பெற்றுத் திரும்பியிருந்தான். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத் தெருவில், குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டியிருந்தான். எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் தெரியும். நல்ல வீடு. கொஞ்சம் உயரம் கூடுதல்.

ஒருநாள் அவனாகவே வரப்பு வழியாக வந்தான். "என்ன பஞ்சு, கோல்ஃபா? குடு, ஒரு அடி அடிச்சுப் பாக்குறேன்" என்றான். பள்ளியில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டான். எதிரே வந்து நின்று, பெயர் இல்லாமலே பேச்சைத் தொடங்குவான். இப்போது பஞ்சு. எனக்கு அதில் ஒன்றும் இல்லை. கனடாவில் அலுவலக உதவியாளர்கூட என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். நான் சாதி பார்ப்பவன் இல்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அவன் அடித்த அந்த முதல் பந்து எங்கள் எல்லை வேலியைத் தாண்டி ஆற்றில் விழுந்தது.

இருட்டில் ஆடும் வழக்கத்தை அவன்தான் கொண்டுவந்தான். ஸ்காட்லாந்தில் குளிர்காலத்தில் நாலு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடுமாம். அதற்கென்று விளக்குப் பந்து வைத்திருந்தான். அடி விழுந்ததும் உள்ளே பச்சையாக எரியும், எட்டுப் பத்து நிமிஷத்தில் தானாக அணையும். குழிகளில் மூங்கில் குச்சி நட்டுச் சின்ன விளக்குக் கட்டினோம். மார்கழிப் பனியில், சுற்றிலும் சம்பா கதிர் முற்றி நிற்க, அந்தப் பச்சை வெளிச்சம் தாழப் பறந்து போவது பார்க்க அழகாக இருக்கும். ஸ்வெட்டர், குல்லா, நெற்றியில் கட்டிய விளக்கு. இரண்டு கிழவர்கள்.

பகலிலும் ஆடலாமே என்று ஒருமுறை கேட்டான். வெயில் என்றேன். "மார்கழியில என்னடா வெயிலு?" என்று சிரித்தான். நான் ஃப்ளாஸ்கில் காபி கொண்டுபோவேன். எனக்கு அதன் மூடி, அவனுக்குக் காகிதக் கப். கழுவும் வேலை இல்லை என்பதற்காகத்தான். ஒருநாள் அவன் மூடியை எடுத்துத் தனக்கு ஊற்றிக்கொண்டு, காகிதக் கப்பை என் பக்கம் நகர்த்தினான். அன்று எனக்குக் காபி குடிக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அவனை வீட்டுக்குள் கூப்பிட்டதில்லை என்பதும் உண்மை. பிரகதீஸ்வரிக்கு மூட்டு வலி. விருந்தாளி வந்தால் அவளுக்குச் சிரமம்.

ஆட்டத்தில் பெரும்பாலும் அவன்தான் ஜெயிப்பான். நானும் ஜெயித்திருக்கிறேன். அவனுக்குக் காய்ச்சலாக இருந்த வாரம்.

இப்போது, இதெல்லாம் தொடங்கிய சாயங்காலத்துக்கு வருகிறேன். மூன்றாவது குழி. அவன் குனிந்து, பந்துக்கும் குழிக்கும் நடுவில் கண்ணால் அளந்துகொண்டிருந்தான்.

"பஞ்சு, இது ஒங்க களம் இருந்த எடம். தெரியுதா?"

இருக்கலாம் என்றேன்.

"இருக்கலாம் என்ன? இங்கதான் எங்கப்பாவ நாள் பூரா வெயில்ல நிக்க வச்சாங்க. என்னப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிட்டாராம். ஒங்க மாட்ட மேய்க்க ஆளில்லாமப் போயிடுச்சாம்."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிக்கொண்டே தட்டினான், பந்து குழிக்குள் போனது.

அந்த நாள் எனக்கும் ஞாபகம் இருக்கிறது. அவருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன். அதைச் சேரனிடம் சொன்னேன். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அவன் நெற்றி விளக்கில் என் கண் கூசியது.

"நீ எங்கடா கேட்ட? கல்லு மேல உக்காந்து கரும்பு கடிச்சிட்டிருந்த. சக்கையை எங்கப்பா கால் பக்கமா துப்பிக்கிட்டிருந்த. நான் மரத்துக்குப் பின்னாடி நின்னு பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். சரி விடு, சின்னப் புள்ள, உனக்கு என்ன தெரியும்."

நான் கேட்டேன். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அதோடு விட்டிருந்தால் பேச்சு முடிந்திருக்கும். அவன் என் தோளில் கையைப் போட்டான். "காணும் பொங்கலன்னிக்குப் பகல்ல ஒரு ஆட்டம் வெப்போம்டா. எங்க தெரு, ஒங்க தெரு எல்லாரும் வந்து பாக்கட்டும். தோத்தவன் ஜெயிச்சவனோட மட்டைப் பையத் தூக்கிக்கிட்டுக் கடைத்தெரு வரைக்கும் பின்னாடியே வரணும். என்ன சொல்ற?"

நானும் சிரித்தேன். விளையாட்டுப் பேச்சுதானே. மறுநாள் காலையில் ஊர் வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டிருந்தான். எங்கள் தெருக்காரர்களே கைதட்டும் படம் போட்டிருந்தார்கள். மளிகைக் கடையில் ஒருவர், "இப்பவே பை தூக்கிப் பழகிக்கங்க சார்" என்றார். வேடிக்கைக்குச் சொன்னதுதான்.

அதற்குப் பிறகு நான் பயிற்சியை அதிகப்படுத்தினேன். வீட்டுக் கொல்லையில் ஒரு மூங்கில் நட்டு, அதில் ஒரு மண்சட்டியைக் கட்டி, சட்டிக்கு முன்னால் ஒரு சின்ன விளக்கை மாட்டினேன். ஐந்தாம் நம்பர் மட்டை. அது பந்தைத் தாழ அனுப்பும், மேலே தூக்காது. முதலில் பந்துகள் சுவரில்தான் போய் விழுந்தன. பிறகு சட்டிகள் உடையத் தொடங்கின. பிரகதீஸ்வரி வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். "பொங்கலுக்கு ஜெயிச்சுடுவீங்க போலருக்கே" என்றாள். மூங்கிலை ஏன் இவ்வளவு குட்டையாக நட்டிருக்கிறீர்கள் என்றும் கேட்டாள். குந்தி உட்கார்ந்திருக்கும் ஒரு ஆளின் தலை எவ்வளவு உயரத்தில் இருக்குமோ அந்த உயரம். நான் அவளிடம் அப்படிச் சொல்லவில்லை.

பொங்கலுக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. அன்றைக்கு நல்ல பனி. ஆறு மணிக்கே எதிர்க்கரை தெரியவில்லை. சேரன் உற்சாகமாக இருந்தான். அவன் மனைவி காளியம்மாள் பின்னிக் கொடுத்த புதுக் குல்லாவைக் காட்டினான். முதல் குழியில் அவன் அடித்த பந்து வரப்பு ஓரத்துக் கோரையில் போய் விழுந்தது. பச்சை வெளிச்சம் மங்கலாகத் தெரிந்தது. "நீ அங்கயே இரு, எடுத்துட்டு வந்துடுறேன்" என்று போனான். அவன் பந்து கோரையில்தான் விழ வேண்டும் என்று நான் எதுவும் செய்யவில்லை. ஆனால் என்றைக்காவது விழும் என்று தெரியும். காத்திருந்தேன்.

என் பந்து ஸ்வெட்டருக்குள் இருந்தது. வெந்நீர்ப் பையோடு சேர்த்துச் சுற்றி வைத்திருந்தேன். பந்தைச் சூடாக்குவது போட்டிகளில் கூடாது. நாங்கள் ஆடியது போட்டி இல்லை. சூடு இருந்தால் ரப்பர் இளகி இருக்கும், வேகம் குறையாது.

அவன் குந்தி உட்கார்ந்து கோரையை விலக்கிக்கொண்டிருந்தான். நெற்றி விளக்கு அங்கும் இங்கும் அசைந்தது. பிறகு என் பக்கம் திரும்பி நின்றது. "கெடச்சிடுச்சு பஞ்சு" என்றான்.

என் வாழ்க்கையில் நான் அடித்ததிலேயே சுத்தமான அடி அது. கையில் அதிர்வே இல்லை. பச்சைக் கோடு ஒன்று நேராகப் போய் அந்த வெள்ளை விளக்கில் நின்றது. விளக்கு அணைந்தது.

இந்த ஆட்டத்தில் ஆள் இருக்கும் பக்கம் பந்து போனால், அடித்தவன் "ஃபோர்" என்று கத்த வேண்டும். விதி அல்ல, மரியாதை. கத்தினேன் என்று உங்களிடம் சொன்னேன். அடுத்த வயலில் மோட்டார் போட வந்த வேம்புவும், நான் கத்தியது காதில் விழுந்தது என்று சாட்சி சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. கத்தத்தான் செய்தேன். கோரையில் இரண்டு பந்துகள் எரிந்துகொண்டிருந்தன, அவனுடையதும் என்னுடையதும். அவனுடையது முதலில் அணைந்தது. அவன் ஏதோ சொல்ல முயன்றது போல ஒரு சத்தம் வந்தது, இருமல் மாதிரி. என்னுடையதும் அணையட்டும் என்று நின்றேன். அணைந்த பிறகுதான் கத்தினேன். கத்திக்கொண்டே ஓடினேன். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று தஞ்சாவூரில் டாக்டர் சொன்னார். அதையும் நான் எதிர்பார்த்துத்தான் நின்றேன்.

நீங்கள் கவனக்குறைவு என்று வழக்குப் போட்டீர்கள். ஜாமீன் கிடைத்தது. ஊரில் எல்லோரும் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள், கூட்டாளியைத் தன் கையாலேயே இழந்துவிட்டாரே என்று. எனக்குத் தூக்கம் வந்தது. சாப்பாடுதான் சரியாக இறங்கவில்லை, அது வாயுவினால். இதோடு முடிந்திருந்தால் நான் இங்கே வந்திருக்கவே மாட்டேன்.

கருமாதி முடிந்த மறுநாள் காளியம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். பட்டப்பகலில், எங்கள் தெரு முழுக்க நடந்து, தன் தெருப் பெண்கள் நான்கைந்து பேரோடு. வாசலில் நிற்கவில்லை. நேராகக் கூடத்துக்குள் வந்து, என் அப்பா படத்துக்குக் கீழே இருக்கும் சோபாவில் உட்கார்ந்தார். பிரகதீஸ்வரி அழுதாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் சன்னல் ஓரம் கூடிவிட்டார்கள்.

"அண்ணே, நீங்க சரியாச் சாப்பிடுறதில்லைன்னு கேள்விப்பட்டேன். ஒடம்பக் கெடுத்துக்காதீங்க" என்றார். "இங்க திரும்பி வந்தப்ப, ஒரு மனுசன்கூட நம்மள மதிச்சுப் பேச மாட்டாங்களோன்னு பயந்தாரு. சாயங்காலம் ஒங்ககூட ஆடிட்டு வந்தாத்தான் அவருக்கு மொகமே மலரும். நீங்க வேணும்னா செஞ்சீங்க? வழக்கு வேணாம்னு நாங்க எழுதிக் குடுத்துடுறோம். எங்க யாருக்கும் ஒங்க மேல வருத்தம் இல்ல. ஒங்கள மன்னிச்சுட்டோம்ணே."

எழுந்து வந்து, குனிந்திருந்த என் தலையில் கையை வைத்தார். ஆறுதலுக்கு. ஐந்து விரலும் எனக்கு இன்னும் தெரிகிறது.

அன்றிலிருந்து ஊரில் இதே பேச்சு. கோயிலில் குருக்கள் சொல்கிறார், அந்தம்மா மனசு யாருக்கு வரும் என்று. மளிகைக் கடையில் சொல்கிறார்கள், அவங்க பெருந்தன்மை, நீங்க தப்பிச்சீங்க என்று. என் மனைவி அந்தத் தெருவைப் பார்த்துக் கும்பிடுகிறாள். நான் வெளியே போனால், என்னை விட்டுவிட்டது அவர்கள் என்ற பார்வைதான் எல்லா முகத்திலும் இருக்கிறது. இனி நான் சாகும்வரை அவர்கள் போட்ட பிச்சையில் நடமாட வேண்டும்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். விபத்து இல்லை. சேரனை நான் திட்டமிட்டுத்தான் கொன்றேன். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். கோர்ட்டு எந்தத் தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன், அப்பீல் போக மாட்டேன். நீதிபதிக்கு அந்த அதிகாரம் இருக்கிறது, நான் மதிக்கிறேன். ஆனால் நீங்களே சொல்லுங்கள், என்னை மன்னிக்க அவர்கள் யார்?