அவளுக்கு ஓய்வு வேண்டியிருந்தது

கர்ப்பிணிக்குப் பெட்டி கட்டும்போது செருப்பில்தான் எல்லோரும் கோட்டை விடுவார்கள். வீட்டில் போடும் அளவையே எடுத்து வைப்பார்கள். விமானத்தை விட்டு இறங்கும்போது வீங்கிய கால் அதற்குள் போகாது. நான் ஒரு அளவு பெரிதாக வாங்கி என் கைப்பையில் வைத்திருந்தேன். அதைப் போட்டுக்கொண்டு நாலடி நடந்து பார்த்துவிட்டு, "அண்ணி, உங்க மூளையே மூளை" என்றாள். விசாரிக்க வந்திருக்கிறீர்கள், அதிகாரி ஐயா. அவள் அப்படிச் சொன்னதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் மெதுவாகப் பேசுவோம். பக்கத்து அறையில் குழந்தை இப்போதுதான் கண்ணயர்ந்திருக்கிறது.

அவள் என் தம்பியின் மனைவி. தம்பி என்று வாய் சொல்கிறதே தவிர, வளர்த்தது நான்தான். பெற்றவர்கள் சீக்கிரம் போய்ச் சேர்ந்தார்கள். எனக்கு வரன் கூடி வரும்போதெல்லாம் அவனுக்குப் பரீட்சை வரும், அல்லது காய்ச்சல் வரும். அப்படியே வயது ஓடிவிட்டது. நான் குறையாகச் சொல்லவில்லை. பிரசவ கிளினிக்கில் டாக்டரம்மாவுக்கு உதவியாளாக வேலை, வீட்டில் தம்பிக்குச் சமையல். ஒரு மனுஷிக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

அவள் நல்ல பெண். நாத்தனார் என்று ஒதுக்காமல் வாய் நிறைய அண்ணி என்று கூப்பிடுவாள். வயிறு தெரிய ஆரம்பித்ததும் வெளிநாட்டு ஆசை வந்தது. பிள்ளை பிறந்துவிட்டால் எங்கே நகர முடியும், அதற்கு முன்னால் ஒருதரம் சும்மா கிடந்து சாப்பிட்டுத் தூங்கிவிட்டு வரவேண்டும் என்றாள். "அண்ணி வரலைன்னா நானும் போகல" என்று அடம் வேறு. தம்பிக்கு ஊர் தேடத் தெரியாது, கூகுளில் தேடச் சொன்னால் மலையேற்றத்தில் போய் நிற்பான். ஆகவே திட்டம் போடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

பெரிய நகரங்களை முதலிலேயே ஒதுக்கினேன். ஹாரன் சத்தம், ஆம்புலன்ஸ் சத்தம், திரும்பிய பக்கமெல்லாம் ஆஸ்பத்திரி. வயிற்றுப்பிள்ளைக்காரி நிம்மதியாக இருக்கும் இடமா அது? தேடித் தேடி ஒரு ஏரியைப் பிடித்தேன். நடுவில் சின்னத் தீவு, அதில் விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய மரவீடுகள். படகில்தான் போகவேண்டும். இருட்டினால் படகு கிடையாது. அந்த விஷயத்தை விடுதிக்காரரிடம் இரண்டு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். அமைதிக்காகத்தான் கேட்டேன்.

டாக்டரம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "பிரஷர் ஏறாம இருந்தா போயிட்டு வரட்டும். நீதான் கூடவே போறியே, எனக்கென்ன கவலை?" என்றார். கிளினிக்கில் பிரஷர் பார்ப்பது எப்போதும் நான்தான். நான் சொல்வதை அவர் எழுதிக்கொள்வார். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் மறுத்துக் கேட்டதில்லை. நம்பிக்கை என்பது பெரிய விஷயம், அதைக் காப்பாற்றத்தான் வேண்டும்.

கிளம்புவதற்குச் சில வாரம் முன்னால், நான் இன்னும் ஊர் தேடிக்கொண்டிருந்தபோது, ஒருநாள் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் பின்னாலிருந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு, "ஒரு சந்தோஷ சமாச்சாரம் அண்ணி" என்றாள். தம்பிக்கு அவளுடைய அம்மா ஊரிலேயே வேலை கிடைத்துவிட்டதாம். பயணம் முடிந்ததும் நேராக அங்கே போய்விடுவார்களாம், பிரசவத்துக்குப் பிறகும் அங்கேதானாம்.

"இவ்வளவு நாள் எங்களுக்காக மாடா உழைச்சீங்க. இனிமே நீங்க நல்லா ஓய்வு எடுங்க."

மனதாரத்தான் சொன்னாள். ஓய்வு என்ற பேச்சை முதலில் எடுத்தது அவள்தான். நான் கத்தரிக்காயை நறுக்கி முடித்தேன். அன்றைக்குக் குழம்பு நன்றாகவே வந்தது, தம்பி இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். சாப்பிட்டவன் இந்த விஷயத்தைத் தன் வாயால் என்னிடம் சொல்லவே இல்லை. பாவம், அவனுக்கு எப்படி வாய் வரும்? எல்லாம் அவள் ஏற்பாடு.

தீவு நான் நினைத்ததைவிட நன்றாக இருந்தது. காலையில் அவளுக்குக் கால் பிடித்துவிடுவேன். அழுத்தின இடத்தில் என் விரல் பதிந்த பள்ளம் நிரம்ப வெகுநேரம் ஆகும். "தலை வலிக்குது அண்ணி" என்பாள். தலையணையை மாற்றிக் கொடுப்பேன். தம்பி கவலைப்பட்டால், "பிள்ளை சுமக்கிறவளுக்கு வலிக்காம உனக்கா வலிக்கும்?" என்று ஒரு அதட்டல். கடைசி நாள் சாயங்காலம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம்.

"அண்ணி, கண்ணு முன்னாடி பூச்சி பூச்சியா பறக்குது."

"ஏரிக்கரைல பூச்சி பறக்காம யானையா பறக்கும்?" என்றேன். அவள் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கும், இப்போதும் பிடிக்கும்.

பிறகு வலிப்பு வந்தது. கடைசிப் படகு அக்கரை சேர்ந்திருந்தது. தம்பி படகுத்துறை மரப்பாலத்து நுனியில் நின்று துண்டை வீசிக் கத்தினான். அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, நாக்கைக் கடித்துக்கொள்ளாமல் நான் பார்த்துக்கொண்டேன். பயிற்சி பெற்றவள் அருகில் இருந்தது எவ்வளவு நல்லது என்று விடுதிக்காரர்கூடச் சொன்னார். படகு வந்து, அக்கரை போய், ஆஸ்பத்திரி சேர்வதற்குள் நேரம் கடந்துவிட்டது. வயிற்றை அறுத்து எடுத்ததில் மிஞ்சியது குழந்தை மட்டும்தான். கொண்டுபோய்ச் சேர்த்த உடனே அந்த ஊர் டாக்டர் அவள் கையில் பிரஷர் கருவியின் பட்டையைச் சுற்றி அளந்ததும் தம்பியைப் பார்த்து, இந்தப் பிரஷரோடு இவளை யார் விமானம் ஏற்றியது என்று கேட்டார். தம்பி என்னைப் பார்த்தான். நான் அழுதேன். பொய் அழுகை இல்லை, ஐயா. எனக்கு அவள் இல்லாதது கஷ்டமாகத்தான் இருந்தது.

சரி, எங்கள் கிளினிக் பட்டையை மேசைமேல் எடுத்து வைத்துவிட்டீர்கள். என் பீரோவில் துணிக்கு அடியில் கிடந்தது. கிளினிக்கில் அது காணாமல் போனது டாக்டரம்மாவுக்கு உறைத்திருக்கிறது. பெரிய படிப்பு படித்தவர், தாமதமானாலும் கண்டுபிடித்துவிட்டார்.

அது பருத்த கைக்காரர்களுக்கான பட்டை. மெலிந்த கையில் சுற்றினால் கருவி அளவைக் குறைத்துக் காட்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இந்தத் தப்பை மட்டும் செய்துவிடாதே என்று டாக்டரம்மா சொல்லிக்கொடுத்த முதல் பாடம். அவளுக்கோ கொத்தவரங்காய்க் கை. முதலில் சரியான பட்டையில்தான் பார்த்தேன். ஏறியிருந்தது. மறுநாள் இன்னும் ஏறியிருந்தது. அதற்குப் பிறகு பெரிய பட்டைக்கு மாறினேன், கிளினிக்கிலும் வீட்டிலும். கருவி காட்டியதைக் காட்டியபடி சொன்னேன். ஒரு எண்ணைக்கூட என் வாயால் மாற்றவில்லை.

ஆமாம், தெரிந்துதான் செய்தேன். என்ன ஆகும் என்பதும் தெரியும். அப்படி வந்தவர்களை நான் கிளினிக்கில் எத்தனையோ தரம் ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு ஓடியிருக்கிறேன். பயணத்தை நிறுத்தியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். நிறுத்தியிருந்தால் மாத்திரை கொடுத்து, படுக்கவைத்து, தேற்றி, அம்மா ஊருக்கு அனுப்பியிருப்பார்கள். கூடவே தம்பியும் போயிருப்பான். நான் இந்தச் சமையலறையில் யாருக்குக் காய் நறுக்குவது?

அவளுடைய அம்மா வந்து குழந்தையைக் கேட்டார். தம்பி கொடுக்கவில்லை. "எங்க அக்கா இருக்கும்போது என் பிள்ளை எதுக்கு வேற வீட்டுல வளரணும்?" என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டான். புது வேலையையும் வேண்டாம் என்று எழுதிப்போட்டான். அவனுக்கு என் அருமை தெரியும்.

எழுந்துவிட்டது பாருங்கள். இது பசி அழுகை இல்லை, என்னைக் காணாத அழுகை. ஜீப் வெளியில் நிற்கிறது என்கிறீர்கள், நிற்கட்டும். உங்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள், கொஞ்சம் மனசாட்சியோடு யோசித்துப் பாருங்கள். பெற்றவளைப் பறிகொடுத்த பச்சை மண், ஐயா. அதன் பாவத்தை நீங்கள் ஏன் கட்டிக்கொள்கிறீர்கள்?