பவுனம்மாளின் அண்ணன்

நடைச் சுற்றுலாவுக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது காலைத்தான். ரப்பர் சிலிப்பர் போட்டு வந்தவர்கள் பாதி வழியிலேயே எங்காவது உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களுக்காகவே இரண்டு ஜோடி பழைய சப்பாத்து பையில் வைத்திருப்பேன்.

என் பெயர் மாரிஸ். ஒன்பது வருடமாகச் சனிக்கிழமை காலைகளில், கோலாலம்பூர் பழைய ரயில் நிலையத்திலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் வரை, ஜப்பான்காரன் காலத்துக் கதைகளைச் சொல்லிக்கொண்டே ஆட்களை நடத்திப் போகிறேன். நடுவில் வடையும் தேத்தண்ணீரும் உண்டு. கடைசி நிறுத்தம் உர்சுலா ஆன்டி வீடு.

ஆன்டிக்கு எண்பத்தெட்டு வயது. மேரு பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பவுனம்மாளாகப் பிறந்தவர். அவருக்கு எட்டு வயதானபோது, சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்க வந்த ஜப்பான்காரர்கள் அண்ணன் நாகையாவை லோரியில் ஏற்றிப் போனார்கள். அண்ணனுக்குப் பதினான்கு வயது. பிறகு பெற்றோர் மலேரியாவில் இறந்துபோக, பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்த ஒரு கத்தோலிக்கக் குடும்பம் அவரை எடுத்து வளர்த்து, உர்சுலா என்று பெயரும் வைத்தது.

இதையெல்லாம் ஆன்டியே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்வார். "லோரியிலேர்ந்து கைய ஆட்டுனாரு. அழாத பவுனு, வந்துருவேன்னாரு. வரல." அத்தோடு நிறுத்திவிடுவார். அங்கே கண் கலங்காதவர்களை நான் பார்த்ததில்லை. சுற்றுலாவைப் பற்றி இணையத்தில் எழுதுகிறவர்கள் எல்லாரும் அந்த "வரல" பற்றித்தான் எழுதுகிறார்கள்.

போன வருடம் மார்ச்சில் ரவாங்கிலிருந்து விஷ்ணுப்ரியா என்ற பெண் போன் செய்தாள். யாரோ எடுத்துப் போட்ட வீடியோவைப் பார்த்திருக்கிறாள்.

"அண்ணே, அந்தப் பாட்டி சொல்ற நாகையா எங்க தாத்தாதான். உசுரோட இருக்காரு. சயாமிலேர்ந்து திரும்பி வந்து தங்கச்சியத் தேடாத இடமில்ல. பேரு மாறிருச்சின்னு அவருக்கு எப்படித் தெரியும்? இந்த வாரமே கூட்டிட்டு வரட்டுமா?"

ரவாங்கிலிருந்து இங்கே வர ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

நான் நிதானமாக யோசித்தேன். அண்ணன் வந்துவிட்டால் "வரல" என்ற சொல்லுக்கு இடமில்லை. ஆன்டி ரவாங்குக்கே போய்விடுவார். சயாமில் செத்த அத்தனை பேருக்காகவும் பேச நம்மிடம் இருப்பது அந்த ஒரு நாற்காலிதான். அதோடு, அந்த வயதில் அவ்வளவு பெரிய சந்தோஷம் நெஞ்சுக்கு ஆகாது.

"சாரிமா, அது பழைய வீடியோ. ஆன்டி தவறி ரெண்டு வருசமாச்சி," என்றேன். அன்றைக்கே விளம்பரங்களிலிருந்து ஆன்டியின் படத்தை எடுத்துவிட்டேன்.

கல்லறையையாவது பார்க்க வேண்டும் என்று கிழவர் கேட்டாராம். நியாயமான ஆசை. பெயர் அழிந்துபோன சிலுவை ஒன்றைத் தேடிப் பிடித்தேன். சுற்றிலும் புல் வெட்டி, வெள்ளையடித்து வைத்தேன். ஒரு புதன்கிழமை பேத்தி அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தாள். தொண்ணூற்று மூன்று வயதில் பார்வை நன்றாகவே இருந்தது. குனிந்து சிலுவையைத் தடவினார்.

"பவுனு, வந்துட்டேன்மா. ரொம்ப லேட்டாயிருச்சிலா."

வெயில் கடுமையாக இருந்தது. நான்தான் குடை பிடித்தேன். திரும்பும்போது என் கையைப் பற்றிக்கொண்டு, "கடைசி வரைக்கும் நீங்கதான் பாத்துக்கிட்டீங்களாம். நல்லாருக்கணும் தம்பி," என்றார். அவ்வளவு தெளிவாக வழிகாட்டி நான் யாரையும் அழைத்துப் போனதில்லை.

ஆகஸ்டில் அவர் இறந்துவிட்டதாக விஷ்ணுப்ரியா செய்தி அனுப்பினாள். மாலை வாங்கிக்கொண்டு ரவாங்குக்குப் போய் வந்தேன். யாராவது ஒருவர் தங்கை பக்கமிருந்து போக வேண்டாமா?

அந்தச் சனிக்கிழமை ஆன்டி வழக்கத்தைவிட நன்றாகப் பேசினார். இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் விம்மி விம்மி அழுதார்கள். கூட்டம் கலைந்ததும், ஒவ்வொரு வாரமும் கேட்பதைப் போலவே கேட்டார்.

"மாரிஸ், அண்ணனப் பத்தி யாராச்சும் விசாரிச்சாங்களா?"

"இல்ல ஆன்டி," என்றேன்.

அந்த வாரம் உண்மையிலேயே யாரும் விசாரிக்கவில்லை. ஆன்டியிடம் நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.