எந்தக் கண்ணால் பார்க்கிறீர்கள்?

மாப்பிள்ளை, அந்த நாற்காலியில் உட்காராதீர்கள். அது கண் சோதிக்க வருகிறவர்களுக்கு. அதில் உட்கார்ந்தால் நன்றாக இருக்கிறவருக்கும் தன்மேல் ஒரு சந்தேகம் வந்துவிடும். இந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். கடையில் இப்போது யாரும் இல்லை, நிதானமாகப் பேசலாம்.

உங்கள் அப்பா ஏன் மறுபடியும் குழந்தையைத் தூக்க மாட்டேன் என்கிறார் என்று கேட்கிறீர்கள். நேற்று மாலை நான் உங்கள் வீட்டுக்கு வந்துபோன பிறகுதான் இப்படி என்று என் மகள் உங்களிடம் சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னது சரிதான். எதையும் மறைக்கிற எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் கோல்ஃபிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும்.

நான் பல வருடங்களாகக் கோல்ஃப் ஆடுகிறேன். ஆடுகிறேன் என்பதைவிட ஆராய்கிறேன் என்பது பொருத்தம். பின்னறையில் ஓர் ஆளுயரக் கண்ணாடி இருக்கிறதே, அது வாடிக்கையாளர்கள் முகம் பார்க்க வாங்கியதில்லை. மட்டையை வீசும்போது என் இடது முழங்கை மடங்குகிறதா என்று பார்க்க வாங்கியது. என் போன் முழுக்க என் முதுகின் வீடியோக்கள்தான். பேத்தியைப் படம் எடுக்க அதில் இடம் கிடையாது. தோளுக்கு ஒரு விதி, இடுப்புக்கு ஒரு விதி, கட்டைவிரலுக்குத் தனியாக ஒன்று. பந்தின் முன் குனிந்ததும் எல்லா விதிகளும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்து முட்டிக்கொள்ளும். தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள், நான் அந்தப் பந்துக்கு இரங்கல் தெரிவிக்கிறேன் என்று நினைப்பார்கள். கடைசியில் எப்படியோ ஒரு அடி. பந்து வலப்பக்கப் புதருக்குள் போய் ஒளிந்துகொள்ளும். ஒன்றுமே தெரியாமல் ஆடிய முதல் வருடத்தில் அது ஓரளவு நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது.

உங்கள் அம்மா தவறிய பிறகு அப்பா இருந்த இருப்பு உங்களுக்குத் தெரியும். பேக்கரியை விற்றாகிவிட்டது. ஆனாலும் அடுப்பு மூட்டுகிற நேரத்துக்கு எழுந்து, குளித்து, சட்டை மாட்டி, முன்னறை சோபாவில் வந்து உட்கார்ந்துவிடுவார். போவதற்கு இடம் இல்லை. டிவியைக்கூடப் போடமாட்டார். என் மகள்தான் எனக்கு போன் செய்தாள்.

"அப்பா, நீங்க ஆடப் போறப்ப மாமாவையும் கூட்டிட்டுப் போங்களேன். கொஞ்சம் வெளிக்காத்து பட்டாலே போதும்பா. பாக்க முடியல."

கூட்டிக்கொண்டு போனேன். அதற்காக யாராவது என்னைப் பாராட்டினால் மறுக்கமாட்டேன்.

மட்டையை எப்படிப் பிடிப்பது என்று விளக்க ஆரம்பித்தேன். நான் சுண்டுவிரலைப் பற்றிப் பேசி முடிப்பதற்குள், "இதைத்தான அடிக்கணும்?" என்று கேட்டுவிட்டு அடித்தேவிட்டார். நீளப் பலகையால் அடுப்பிலிருந்து ரொட்டியை வாரி இழுத்துப் பழகிய தோள் அது. பந்து எழும்பி, அவசரமே இல்லாமல் போய், பந்து விழவேண்டிய குழியில் நட்டிருக்கிற கொடிக்குப் பக்கத்தில் இறங்கியது. அவர் சிரித்தார். உங்கள் அம்மா போனபிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மாப்பிள்ளை. அது பொய்யில்லை.

அடுத்தடுத்த வாரங்களிலும் பந்து அங்கேயேதான் இறங்கியது. என் கண் அதற்குமேல் கலங்கவில்லை.

அவர் எத்தனை அடியில் முடித்தார் என்று அவருக்கே தெரியாது. அவருக்கும் சேர்த்து நான்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். பந்திடம் "போடா ராசா, போ" என்பார். அது போகும். வீட்டில் ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தார், குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் இறங்கி வாசல்வரை போனார். "எங்க மாமா பழையபடி ஆயிட்டார்பா" என்று என் மகள் தினமும் போனில் சொன்னாள். நல்ல செய்திதான். தினமும் கேட்கவேண்டியிருந்தது.

பிறகு நான் செய்ததை, தோற்றதற்காகச் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். நான் யாரிடம்தான் தோற்கவில்லை? அவர் எனக்கு ஆறுதல் சொன்னார், அதுதான். ஒரு நாள் என் பந்து வழக்கமான புதருக்குள் போனதும் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

"விடுங்க சம்பந்தி, பந்துதான? நீங்க இவ்ளோ யோசிச்சா அதுக்கே பயம் வந்துடும்."

மைதானத்தில் புல் வெட்டுகிறவர் வண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். பெண்ணைக் கொடுத்திருக்கிற இடத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள முடியுமா? வயிறு எரிந்தது என்று சொல்லமாட்டேன். கொஞ்சம் காந்தியது, அவ்வளவுதான்.

என் தொழிலைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. ஒரு லென்ஸைப் போட்டு "இது தெளிவா இருக்கா?" என்று கேட்பேன். அடுத்ததைப் போட்டு "இல்ல, இதுவா?" என்பேன். மூன்றாம் முறை அதே லென்ஸைத் திருப்பிப் போட்டாலும் எதிரில் இருப்பவருக்கு வியர்த்துவிடும். பெரிய அதிகாரியாக இருப்பார், உள்ளே வரும்போது அதட்டலோடு வந்திருப்பார். "இன்னொரு தடவை காட்டுங்க" என்று கெஞ்சுகிற குரலில் கேட்பார். அந்த நேரம் எனக்குப் பிடிக்கும். யாரிடமும் சொன்னதில்லை.

மைதானத்து கேன்டீனில் டீ குடிக்கும்போது உங்கள் அப்பாவிடம் கேட்டேன். மிகவும் மரியாதையாகத்தான்.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. இவ்ளோ அழகா அடிக்கிறீங்களே, பந்தை எந்தக் கண்ணால பாக்குறீங்க?"

"ரெண்டாலயும்தான்."

"எல்லாரும் அப்படித்தான் நினைப்பாங்க. ஒரு கண்ணுதான் குறி பாக்கும். இன்னொண்ணு சும்மா கூட வரும்."

இதில் பொய் எதுவும் இல்லை. கண் தொழிலில் இருக்கிற யாரையும் கேட்டுப் பாருங்கள். தூரத்துக் கொடியை நோக்கி விரலை நீட்டச் சொன்னேன். முதலில் இடது கண்ணை மூடச் சொன்னேன், பிறகு வலதை. விரல் கொடியைவிட்டுத் தாவியது. யாரோ ஒருவருடைய விரலைப் பார்ப்பதுபோல அவர் அதைப் பார்த்தார்.

டீ முடிந்து அடுத்த ஆட்டம். குனிந்தவர் முதல் தடவையாகக் கொஞ்சம் காத்திருந்தார். பந்து வலப்பக்கப் புதருக்குள் போனது. அதுவரை அந்தப் புதர் எனக்கு மட்டுமே சொந்தமாக இருந்தது.

"விடுங்க சம்பந்தி, பந்துதான?" என்றேன்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அடுத்த நாள் அவராகவே போன் செய்தார். "வலதுன்னு நினைச்சேன், இப்ப இடதோன்னு தோணுது சம்பந்தி." வழி கேட்கிற மனிதரை விரட்டவா முடியும்? கடைக்கு வரச் சொன்னேன். அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தார். அவருடைய தூரப் பார்வையில் ஒரு குறையும் கிடையாது. என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. இருந்தாலும் இதுவா, அதுவா என்று வெயில் சாயும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு எது சரின்னு படுதோ அதையே போடுங்க" என்றார். நல்ல ஃபிரேமாகப் பார்த்து எடுத்து ஒரு கண்ணாடி செய்துகொடுத்தேன். காசு வாங்கவில்லை. சம்பந்தியிடம் வாங்குவது முறையில்லையே. அது பவர் இல்லாத வெறும் கண்ணாடி.

மீதியை நீங்களே பார்த்தீர்கள். வயதாகிவிட்டது என்று நினைத்தீர்கள். டம்ளரில் தண்ணீர் ஊற்றும்போது தயங்கினார். சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். மைதானத்தின் நடுவில் விரலை நீட்டியபடி ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை மூடி நின்றார். புல் வெட்டுகிறவர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. பிறகு வருவதையே விட்டுவிட்டார். மறுபடியும் அதே சோபா. குழந்தை கையை நீட்டினால், "தாத்தாவுக்குக் கண்ணு சரியில்லம்மா" என்றார்.

அவர் இல்லாத மைதானத்தில் என் ஆட்டம் தேறியிருக்கும் என்று எதிர்பார்த்தேன். குனிந்தால், வலதா இடதா என்ற கேள்வி எனக்கும் வந்து நின்றது. நானே கிளப்பிவிட்டது என்று தெரிந்தும் அது போகவில்லை. போன வாரம் பந்தை அடிக்காமல் புல்லை அடித்தேன். மணிக்கட்டு இன்னும் வலிக்கிறது.

நேற்று காலை என் மகள் போனில் அழுதாள். எனக்குத் தாங்கவில்லை. மாலையில் நேராக உங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "சம்பந்தி, உங்க கண்ணுல ஒண்ணுமே இல்ல. அது வெறும் கண்ணாடி. நான்தான் தேவையில்லாம கிளப்பிவிட்டேன்." ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். "அட, நான் ஒரேயடியா கிழவனாயிட்டேன்னுல்ல நினைச்சேன்" என்று சிரித்தார். கோபமே வரவில்லை, மாப்பிள்ளை. திட்டியிருந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன். அவர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். "விடுங்க. நீங்களும் பந்தைப் பாத்தமா அடிச்சமான்னு இருங்க. எல்லாம் சரியாயிடும்."

அப்போது குழந்தை ஓடிவந்தாள். நான் தூக்கினேன், அழுதாள். என்னிடம் எப்போதும் அழுவாள். முதுகுக்குக் கை கொடுப்பதா, இடுப்புக்கா என்று நான் யோசிப்பது அவளுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. "இங்க குடுங்க சம்பந்தி, போகப் போகப் பழகிடும்" என்று அவர் வாங்கிக்கொண்டார். வாங்கிய வேகத்திலேயே மேலே தூக்கிப் போட்டுப் பிடித்தார். மறுபடி போட்டார். அவள் கூச்சலிட்டுச் சிரித்தாள். சமையலறையில் என் மகள் சிரிப்பது கேட்டது. எல்லாம் சரியாகிவிட்டது. நான் மனமாரச் சந்தோஷப்பட்டேன், கிளம்புவதற்காகச் செருப்பையும் மாட்டிவிட்டேன்.

போகிற போக்கில்தான் கேட்டேன். "சம்பந்தி, தூக்கிப் போட்டுப் பிடிக்கிறீங்களே, எந்தக் கை முதல்ல பிடிக்குது?"

குழந்தை அப்போது மேலே இருந்தாள்.

பிடித்துவிட்டார். கொஞ்சம் தாமதமாக, ஒரு கையாலும் மார்பாலும், ஆனால் பிடித்துவிட்டார். பிறகு அவளைத் தரையில் இறக்கிவிட்டு, இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் வந்துவிட்டேன்.

அவளை இறக்கிவிடும்வரை பொறுத்திருந்து கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. எனக்கும் அது தோன்றாமல் இல்லை. ஆனால் அப்படிக் கேட்டால் சரியான பதில் வராது, மாப்பிள்ளை.