பிடிபடாத வேட்டைக்காரர்

வேம்பாரிலிருந்து தூத்துக்குடி வரும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்தவர் வாய்விட்டுப் புலம்பினார்: "என் மேல ஒரு கேஸ்கூட இல்லாமப் போச்சே!"

அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் பச்சைச் சட்டை போட்டு, கழுத்தில் பைனாகுலர் மாட்டியிருந்தார். உப்பளத்து ஓரம் கண்ணி வைத்துப் பறவை பிடித்த பழைய கூட்டாளிகள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. இப்போது அந்த இடம் பறவைகள் காப்பகம்.

"பழைய வேட்டைக்காரனுக்குத்தான் வழிகாட்டி வேலையாம். அதுக்கு அத்தாட்சி கேக்கான் ஆபீசர்."

"நீதான் ஒரு தடவகூட மாட்டலையே. கெட்டிக்காரன்லா!"

"ஏலே, உனக்குக் கண்ணி கட்டச் சொல்லிக் குடுத்ததே நாந்தான். நீ ஓடத் தெரியாம மாட்டுன. அதுக்குப் பரிசு, தொப்பியும் பூட்சும்!"

"பதினஞ்சு நாள் உள்ள இருந்தத விட்டுட்டியே. கூட வந்தது யாருன்னு ஃபாரஸ்ட்காரன் கேட்டுக்கிட்டே இருந்தான். நான் வாயத் திறக்கலை."

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா. இன்னைக்கு எனக்கும் வேலை கிடைச்சிருக்கும்."

பச்சைச் சட்டைக்காரர் பைனாகுலரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"அப்ப உன் பொண்டாட்டி நிறைமாசம். அதான் சொல்லலை."

ரெண்டு ஸ்டாப் தாண்டி அவரே மறுபடி ஆரம்பித்தார்.

"சரி, வா. ஆபீசர்ட்ட நானே வந்து சொல்லுதேன்."

"நம்புவானா?"

"நீ ஓடும்போது விட்ட ஒத்தச் செருப்ப இன்னும் ஆபீஸ்ல சாக்குல கட்டி வச்சிருக்கான். போட்டுக் காட்டு."

புலம்பியவர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்தச் செருப்பா! வாங்கி ரெண்டு நாள்கூட ஆகலைலே. திருப்பிக் குடுத்துருவானா?"