நாகராசுவின் மணிக்கட்டில் பதிந்த என் விரல்கள்

தலைமை ஏற்றிருக்கும் தகைசால் பெரியவர் பக்கீர் முகமது அவர்களே! அன்பாலும் அனுபவத்தாலும் மூத்த அன்னவாசல் பெருமக்களே! அடுப்பை அணைத்துவிட்டு அவை நிறைக்க வந்த அருமைத் தாய்மார்களே! மாநிலப் போட்டிக்கு நடுவராகத் தேர்வாகி, மாலையும் கழுத்துமாக அமர்ந்திருக்கும் நம்மூர் இருளாண்டி அண்ணன் அவர்களே!

கூடைப்பந்தில் தொட்டால் பவுலா? இல்லை! மோதினால் பவுலா? அதுவும் இல்லை! ஐம்பத்தெட்டாம் ஆண்டு, இதே செம்மண் திடலில், கந்தர்வக்கோட்டையோடு கூடைப்பந்து இறுதியாட்டம். நம் அணியில் ஆடிய சேவுகனாகிய நான், பந்தைத் துரத்திப் போய் எதிரணி நாகராசு மேல் மோதி உருண்டேன். "நாகராசு மேல பவுல்! பவுல்!" என்று நம் ஊரே முழங்கியது. அன்றைக்கு நடுவராக நின்ற இருளாண்டி அண்ணன் ஊதவில்லை.

"அவன் அசையாம நின்னான், நீதான் போயி விழுந்தே. எந்திரி தம்பி" என்றார்.

விழுந்தவனைப் பார்த்து விசில் ஊதுவது எளிது. யார் இடத்தில் யார் புகுந்தார் என்று இமைப்பொழுதில் காண்பது எளிதா? இவர் கண்டார்!

கடைசி நொடிகள். ஒரு புள்ளி நமக்கு அதிகம். நாகராசு கூடைக்கு எழும்பினார். நானும் எழும்பித் தட்டினேன். விசில்! என்மேல் பவுல்!

"பந்தைத்தான் தொட்டேன், ஆத்தா மேல சத்தியம்!" என்று கத்தினேன். நாகராசு இரண்டு எறிவையும் கூடைக்குள் போட்டார். கோப்பை போனது. அங்கிட்டுச் சிரிக்கிறீர்களே அய்யாக்கண்ணு அண்ணே, அன்று செருப்பைத் தூக்கியது நீங்கள்தானே! "சொந்த ஊரையே வித்துப்புட்டாரு" என்றோம். நான்காண்டுகள் மணமேல்குடி இவரை நடுவராக அழைத்தது. அன்னவாசல் அழைக்கவில்லை!

பெரியோர்களே, வியர்வையில் பந்து வழுக்காமலிருக்கக் கையில் செம்மண் பூசிக்கொண்டு ஆடுவோமல்லவா? நாகராசுவின் மணிக்கட்டில் என் நான்கு விரல்களும் சிவப்பாகப் பதிந்திருந்தன. நான் பார்த்தேன். இவரும் பார்த்தார். அந்தக் கையைத் தூக்கிக் காட்டியிருந்தால் ஊர் என்னைத்தான் காறித் துப்பியிருக்கும். காட்டினாரா? "கையத் தொடச்சுக்கிட்டு எறி தம்பி" என்று நாகராசுவிடம் சொன்னார், அவ்வளவுதான்!

நான் செய்தது பவுல்! செய்த சத்தியம் பொய்! என் பழியை நான்காண்டு சுமந்தவர் இவர். வெட்கமாக இருக்கிறது அண்ணே.

பவுல் செய்தவன் கையைத் தூக்க வேண்டும் என்பது ஆட்ட விதி. அன்று நான் தூக்கவில்லை. இதோ, ஊரறியத் தூக்குகிறேன்!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. தூக்கிய இந்தக் கையோடு மற்றொரு கையையும் சேர்க்கிறேன். வணக்கம்!