நெய்தலுக்கு எந்தத் தண்ணீர்?

“லாரித் தண்ணிக்கெல்லாம் எப்பிடி மச்சான் மார்க் போடறது?”

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில், எனக்கு முன்சீட்டில் இருந்தவர் கேட்டார். தமிழாசிரியர்; மடியில் விடைத்தாள் கட்டு. பக்கத்தில் அவருடைய மைத்துனர், கெமிக்கல் கம்பெனி யூனிபாரத்தில்.

“என்ன கேள்வி மாமா?”

“நெய்தல் நிலத்துக் கருப்பொருள் எழுதச் சொன்னேன். மீனு, பறவை, தொழிலுன்னு வரும். நீர்னா மணல்ல தோண்டுன கேணி. இந்தப் பொண்ணு லாரித் தண்ணின்னு எழுதியிருக்கா.”

“எந்த ஊரு?”

“செம்மங்குப்பம்.”

“அப்ப சரியாத்தான எழுதியிருக்கா? அங்க கேணித் தண்ணிய யாரு குடிக்கிறா? ரைட்டு போடுங்க.”

“புஸ்தகத்துல அப்பிடி இல்லியே.”

“பறவைக்கு என்ன எழுதியிருக்கா?”

“ஒண்ணும் எழுதல. கோடு போட்டு வுட்டுட்டா.”

செம்மங்குப்பம் நெருங்கியது. யாரும் சொல்லாமலே பேருந்தின் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கின. மைத்துனரும் தன் பக்கத்து ஷட்டரை இறக்கிவிட்டார். அதற்குள் கெமிக்கல் கம்பெனிகளின் வாடை உள்ளே வந்துவிட்டது.

ஆசிரியர் மூக்கைப் பொத்திக்கொண்டு பேசினார்.

“பாலைக்குன்னு தனியா நிலம் கெடையாது மச்சான். மத்த நிலம் கெட்டுப்போனா அதுதான் பாலை. அந்தக் காலத்துலயே எழுதி வெச்சிட்டுப் போயிட்டாங்க. நானும் இருபது வருசமா மனப்பாடம் பண்ண வெக்கிறேன்.”

“அப்ப அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல மாமா.”

ஆசிரியர் லாரித் தண்ணிக்கு ரைட் போட்டார். பிறகு, விடைக்கு மேலே அவள் தலைப்பாக எழுதியிருந்த ‘நெய்தல்’ என்ற சொல்லைச் சிவப்பு மையால் அடித்தார்.